முதுகில் கேட்ட பேஸ் கிட்டார்

“திரும்பாம சொல்லுடி, இது எந்தக் கிட்டார்?” என்றாள் அக்கா.

“புதுசு. ஒவ்வொரு சுரமும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு.”

“இது?”

“பழசு. முதுகுல இடிக்குது.”

“உனக்குக் காது முதுகுலதான்!”

ஹோட்டல் இசைக்குழுவில் அக்கா பேஸ் கிட்டார் வாசித்த நாட்களிலிருந்தே, தங்கை ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்துத்தான் கேட்பாள். பாடப்புத்தகத்தோடு அப்படியே தூங்கியும் போவாள். விலையுயர்ந்த புதிய கிட்டாரில் விரல்கள் தானாக வழுக்கி ஓடின. பழையதிலோ அக்காவின் கட்டைவிரல் பட்டுப்பட்டு வண்ணம் போய் மரம் தெரிந்தது.

பழையதை வாங்க மறுநாள் ஒருவர் வருவதாக இருந்தது. அதை உறையில் போட்டு ஜிப்பை இழுத்த அக்கா பாதியில் நிறுத்தினாள்.

“நாளைக்கு அவர் வந்தா, கிட்டாரோட கழுத்து வளைஞ்சிருக்குன்னு நீ சொல்லிடுடி. எனக்குப் பொய் வராது.”