சீரியஸ் என்று வந்த தந்தி

இந்த ஊரில் நான் கால் இடறினால் எதிரே வருபவர் மன்னிப்புக் கேட்கிறார். தும்மினால் பக்கத்தில் நிற்பவர் கேட்கிறார். கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தால் வகுப்பே சேர்ந்து "சாரி சார்" என்கிறது. நான் விழுந்ததற்கு இவர்கள் ஏன் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று வந்த புதிதில் விளங்கவில்லை. உனக்கு நேர்ந்தது, எனக்கும் வருத்தம் என்கிறார்கள், அவ்வளவுதான். சாம்பியாவின் வடக்கே, தார்ச்சாலை முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவன் நான். சொல்லிக்கொடுக்க வந்தவனுக்கே பாடம் புரியவில்லையா என்று ஊரில் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

அங்கே திண்டுக்கல்லில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த டுட்டோரியலில் ஆறு வருடம் வாத்தியாராக இருந்தேன். பத்தாம் வகுப்பில் தவறியவர்கள்தான் என் மாணவர்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து பொருளில் வேறுபடும் ஆங்கிலச் சொற்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். எகனாமிக் என்றால் பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, எகனாமிகல் என்றால் சிக்கனமானது. சென்சிபிள் என்பவன் விவரமானவன், சென்சிடிவ் என்பவன் தொட்டால்சுருங்கி. கன்சிடரபிள் என்றால் கணிசமானது, கன்சிடரேட் என்றால் அடுத்தவரை நினைத்துப் பார்க்கிற குணம். இவற்றைக் கரும்பலகையில் ஜோடி ஜோடியாக எழுதிப்போட்டுவிட்டு, உலகத்தில் குழப்பமே இல்லை என்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பேன். சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து தக்காளி கொண்டுவரும் நாட்களில் அப்பா மாடியேறி வந்து, பஸ் நேரம் வரும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

"ஏலே, ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு. எதுக்கு ரெண்டு வச்சிருக்கான் வெள்ளக்காரன்?" என்று ஒருநாள் கேட்டார்.

"வேற வேற அர்த்தம்ப்பா."

"பிள்ளைக கொழம்பாதா?"

"கொழம்பும். அதுக்குத்தான நான் இருக்கேன்."

"அப்பச் சரி. அவென் கொழப்பி விட்டதுல உனக்குச் சோறு கெடைக்குது" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

டுட்டோரியலுக்கு இன்னொரு கூட்டமும் வரும். தந்தி அடிக்க வேண்டியவர்கள். ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி, கலங்கிய கண்ணோடு வாசலில் நிற்பார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நம் பக்கத்தில் சாவைத் தந்தியில் எழுதும் வழக்கம் கிடையாது. வெளியூரில் தனியாக இருப்பவன் அதிர்ச்சியில் என்ன ஆவானோ என்ற பயம். ஆள் போய்ச் சேர்ந்து, வாசலில் பந்தல் போட்டிருந்தாலும், சீரியஸ், உடனே புறப்படு என்றுதான் எழுதுவோம். வாங்கிப் படிக்கிறவனும் அதைப் படித்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வான். இப்படி எத்தனை தந்தி எழுதிக்கொடுத்திருப்பேன் என்று நினைவில்லை. சாம்பியாவுக்குக் கிளம்பிய அன்று, பஸ்ஸில் ஏற்றிவிட வந்த தம்பி முருகேசனிடமும் சொல்லிவைத்தேன். "எதுவும்னா டெட்னு மட்டும் எழுதிறாதலே. அங்க எனக்கு ஆள் கெடையாது." அப்பா கொஞ்சம் தள்ளி நின்று எனக்குப் பழம் வாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருடம் அந்தத் தந்தி வந்தது. தலைமை ஆசிரியர் முலெங்கா தபால் பெட்டியிலிருந்து அவரே எடுத்துவந்து கையில் கொடுத்தார். ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. கீழே முருகேசனின் பெயர். நான் எழுதிக்கொடுத்து வந்த அதே வாசகம், ஒரு சொல் கூடக்குறைய இல்லாமல். அதை முலெங்காவிடம் காட்டிவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"கிளம்புங்கள். விடுமுறைக்கும் டிக்கெட்டுக்கும் நான் லுசாகாவில் இருக்கும் கல்வித் துறையோடு பேசிக்கொள்கிறேன். நான்கு நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்றார் முலெங்கா.

"தேவையில்லை சார். அப்பா இறந்துவிட்டார்."

"உடல்நிலை மோசம் என்றுதானே அதில் இருக்கிறது?"

"எங்கள் ஊரில் இறந்தால் இப்படித்தான் எழுதுவோம்."

அவருக்கு விளங்கவில்லை. "அப்படியானால் உண்மையிலேயே உடல்நிலை மோசமாக இருந்தால் எப்படி எழுதுவீர்கள்?"

கடிதம் போடுவோம் என்றேன். அவர் தலையாட்டினார். ஒரு நாட்டு வழக்கத்தில் தலையிடக் கூடாது என்று நினைத்திருப்பார். நான்கு நாள் கழித்துப் போனால் வெந்து தணிந்த சாம்பலைத்தான் பார்க்க முடியும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். எனவே போகவில்லை. பள்ளிக்கு எதிர்ச் சாரியில் இருந்த தபால் நிலையத்துக்கு நடந்துபோய்ப் பதில் தந்தி கொடுத்தேன். வர இயலாது, காரியங்களை நீயே செய். வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். அழுகை வரவில்லை. அடுப்பில் வைத்த பருப்பு வெந்துவிட்டதா என்று பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று மாலைக்குள் என் வீட்டு முற்றம் நிறைந்துவிட்டது. இங்கே சாவு வீட்டுக்காரனைத் தனியே விடுவதில்லை. ஆண்கள் விறகோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பாத்திரங்களோடு வந்து உள்ளே பாய் விரித்தார்கள். முலெங்காவின் மனைவி என் அருகில் மண்டியிட்டு, "உங்கள் அப்பாவின் பெயர் என்ன?" என்று கேட்டார். கருப்பையா என்றேன். அந்தப் பெண்கள் அந்தப் பெயரைத் தங்கள் வாய்க்குத் தக்கபடி நீட்டிச் சொல்லி, உடம்பு குலுங்க அழுதார்கள். தக்காளிக் கூடை சுமந்த ஒரு மனிதருக்காக, அவரைக் கண்ணால் கண்டிராதவர்கள் மூன்று நாள் அழுதார்கள். நான் மட்டும் ஒரு நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து முருகேசனின் கடிதம் வந்தது. அதை ஒரே ஒரு தடவைதான் முழுதாகப் படித்திருக்கிறேன்.

"அண்ணே, அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு பெரியாஸ்பத்திரியில சேத்தப்பதான் உனக்குத் தந்தி குடுத்தேன். நெசமாவே சீரியஸ்ண்ணே. வேற எப்பிடி எழுதுறதுன்னு எனக்குத் தெரியல. உன் பதில் வந்தப்ப அப்பா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. என்னலே எழுதியிருக்கான்னு கேட்டாரு. கெளம்பிட்டானாம்ப்பான்னு சொல்லிட்டேன். திரும்பத் தந்தி குடுக்கப் போனேன். உசுரோட இருக்காருன்னு எழுதுறதுக்குக் கை வரலண்ணே, அபசகுனமாப் பட்டுச்சு. டாக்டரும் ரெண்டு நாள்தான்னாரு, நீ வந்து சேர முடியாதுன்னு விட்டுட்டேன். உனக்குத் தந்தி குடுத்ததுலேருந்து பதினோரு நாள் இருந்தாரு. வாசப் பக்கம் பாக்குற மாதிரி கட்டிலத் திருப்பிப் போடச் சொன்னாரு. உள்ள வார ஒவ்வொருத்தரையும் தல தூக்கிப் பாத்தாரு."

முருகேசன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் உண்மையை எழுதினான். உண்மையிலேயே படுத்துக்கிடக்கிறவருக்கு என்று எங்கள் ஊரில் ஒரு தந்தி வாசகம் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் செத்தவர்களுக்கே எழுதிக் கொடுத்துத் தீர்த்தவர்களில் நானும் ஒருவன். முலெங்கா கேட்ட கேள்வி ஒன்றும் கஷ்டமான கேள்வி இல்லை. நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அப்பாவைப் பார்த்திருப்பேன். இதை எழுதும்போதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடிதம் வந்ததை இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லி, மறுபடியும் வந்து உட்காருங்கள் என்று அழைப்பதா? நீங்கள் அழுதபோது அவர் உயிரோடு இருந்தார் என்று அந்தப் பெண்களிடம் எந்த முகத்தோடு சொல்வது? தந்தி வந்த தேதியை முலெங்காவின் மனைவி மறப்பதில்லை. வருடந்தோறும் அன்று நிலக்கடலைப் பொடி போட்டுச் சமைத்த பூசணிக்கீரையை மூடி எடுத்துவந்து, என்னோடு செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்பார். அந்த நாளிலிருந்தே எண்ணிச் சொல்கிறேன். இந்த ஊரில் என் அப்பா பதினோரு நாள் முன்னதாகவே இறந்துவிட்டார்.

அதற்குப் பதினோரு நாள் கழித்து வரும் தேதி இங்கே யாருக்கும் தெரியாது. அந்தத் தேதியையொட்டி முருகேசன் ஊரில் திதி கொடுத்துக் காக்கைக்குச் சோறு வைப்பான். நான் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடப்பேன். முதல் வகுப்பில் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். ஒவ்வொருவராக எழுந்து, இருக்கிறேன் சார், இருக்கிறேன் சார் என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.