முள் நின்ற பதினொரு நிமிடங்கள்

“ரெண்டும் பாத்தனியோ, பிள்ளை?”

மரம் தறிக்கிற ஜெரிசன் அண்ணை, திருத்தக் கொடுத்த வாள் மெசினைத் திருப்பி வாங்கும்போது என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தார்.

இனி எழுதப்போவதை நம்பாதவர்கள் நம்பாமலே வாசிக்கலாம். ஆனால் நேரங்களை நான் அன்றைக்கே கொப்பியில் குறித்து வைத்தேன். எங்கள் கராஜ் மணிக்கூடு ஒரு நிமிடம்கூடப் பிந்தாது. நடந்தது இரவிலும் இல்லை. பட்டப்பகல். உரும்பிராயில், றோட்டோரத்தில், வெயில் கண்ணைக் குத்தும் நேரத்தில்.

மாமா பரமலிங்கம் மரம் தறிக்கிற வாள் மெசின்கள் திருத்துகிறவர். பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது, ஆட்களோடு கதைக்கத் தேவையில்லாத ஒரு வேலையை எனக்குத் தந்தார். இன்ஜினில் காற்று ஒழுகுகிறதா என்று பார்ப்பது. புகை வெளியே வரும் வாயையும் பெற்றோல் உள்ளே போகும் வாயையும் இறப்பர் வைத்து அடைக்க வேண்டும். ஒரு குழாயைப் பொருத்தி, கைப்பம்பால் உள்ளே காற்று அடிக்க வேண்டும். மீற்றர் முள் ஏறும். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் நல்லது. பிறகு பம்பை மாற்றிப் போட்டு, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்ச வேண்டும். முள் மறுபக்கம் போகும். அங்கேயும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

ஊதல், உறிஞ்சல். மாமா அப்படித்தான் சொல்வார். சில ஒயில் சீல்கள், காற்றை அடைக்கிற அந்த இறப்பர் வளையங்கள், ஊதும்போது பிடிக்கும், உறிஞ்சும்போது கைவிட்டுவிடும். அந்த வழியால் வெளிக்காற்று உள்ளே போனால் இன்ஜின் அடங்காது. விசையை விட்டாலும் சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டும் பார்ப்பது.

ஜெரிசன் அண்ணையின் மெசினுக்கு நான் ஊதல் மட்டும்தான் பார்த்தேன். அவர் என் மேசைக்கு முன்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கு நாக்கு இருக்கோ, மாமா கழற்றி வைத்துவிட்டாரோ என்று பகிடி விட்டார். கெட்ட மனிதரில்லை. ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் இன்னும் ஐந்து நிமிடம் இருக்க என்னால் முடியவில்லை. காகிதத் துண்டில் இரண்டுக்கும் சரி போட்டு, மெசினில் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

கரவெட்டியில் ஒரு வேம்பு தறிக்கும்போது சங்கிலி அவருடைய தொடையில் ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு மறுநாள் அவருடைய தமையன் வந்தார். அடைக்கலநாதன். அவரும் மரம் தறிக்கிறவர்தான். அந்தப் பெட்டை சரி போட்ட மெசின்தான் தம்பியைக் கொன்றது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். அன்று வியாழக்கிழமை, மத்தியானம் 12:20. மாமா மானிப்பாய்க்குப் போயிருந்தார். நான் தனிய.

உரப்பையிலிருந்து மெசினை எடுத்து என் மேசையில் போட்டார். கழுவியிருந்தது. நான் கட்டிய துண்டு இன்னும் அதில் தொங்கியது.

“உன்ரை மாமன் இல்லாத நேரம் பாத்துத்தான் வந்தனான்,” என்றார். “ஊதிக் காட்டு. உறிஞ்சிக் காட்டு. முள் விழேக்கை உன்ரை முகத்தையும் சேத்துப் பிடிக்கப் போறன்.”

கைத்தொலைபேசியை ஒயில் ரின்னில் சாய்த்து வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினார். முள் விழுந்தால் அந்தப் படம் பொலிஸுக்குப் போகும். கராஜ் மூடப்படும். அதைவிட, ஒரு மாதமாக நான் நித்திரையில்லாமல் பயந்துகொண்டிருந்தது உண்மையாகிவிடும்.

வாய்களை அடைத்தேன். குழாயைப் பொருத்தினேன். இன்ஜினோடு சுற்றுகிற காந்தச் சில்லுக்குப் பின்னால், சீல் இருக்கும் இடத்தில், சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவினேன். காற்று ஒழுகினால் அங்கே குமிழி வரும்.

12:41. ஊதல்.

முள் ஏறியது. நின்றது. குமிழி இல்லை.

அடைக்கலநாதன் கதிரையை விட்டு எழுந்து வந்து, மீற்றரை நகத்தால் தட்டினார். இது பழுதோ என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். திருப்பி அடிக்கச் சொன்னார். அடித்தேன். திரும்பவும் நின்றது. அவருடைய மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன்.

12:49. உறிஞ்சல்.

பம்பை அமத்த அமத்த முள் பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம் போனது. நின்றது. நான் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் திடீரென்று நின்றது. காகங்களும் இல்லை.

12:51. முள் ஒரு கோடு விழுந்தது.

அவ்வளவுதான் என்று கண்ணை மூடினேன். திறந்தபோது முள் பழைய இடத்தில் நின்றது.

விழுந்த முள் தானாகத் திரும்பாது. யாராவது உறிஞ்ச வேண்டும். பம்பை யாரும் தொடவில்லை.

ஒரு கோடு கீழே. ஒரு கோடு மேலே. கீழே... மேலே...

ஸ்ஸ்...

சத்தம் சில்லுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

நுரை மெல்ல உள்ளே போனது. பிறகு வெளியே வந்தது. உடையவில்லை. திரும்பவும் உள்ளே.

பச்சை வேப்பமரம் அரிந்த வாசம்.

12:53. ஓட்டை எங்கே என்று பார்க்க, சில்லுக்குப் பின்னால் விரலை விட்டேன்.

ஏதோ ஒன்று விரல் நுனியைக் கவ்வியது.

இரும்பில்லை. இறப்பருமில்லை.

ஈரம். சூடு.

உதடு.

விரலை இழுத்தேன். விடவில்லை...

“ரெண்டும்... பாத்தனியோ... பிள்ளை?”

என் இடது காதுக்குள். அடைக்கலநாதன் எனக்கு வலப்பக்கம் நின்றார். அவருடைய வாய் மூடியிருந்தது. கண்கள் மட்டும் என் இடது தோளுக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

பல் விரலில் பட்டது.

“இல்லை,” என்றேன்.

விரல் விடுபட்டது.

12:54. முள் நின்றது. மயிரிழையும் அசையவில்லை. 1:05 வரை பார்த்தேன். பதினொரு நிமிடம். பிறகு தோட்டத்து மோட்டார் தொடங்கியது.

என்ன இல்லை என்று அடைக்கலநாதன் கேட்கவில்லை. ஆனால் நான் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு அந்நியரிடம் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றைக்குத்தான். உறிஞ்சல் பார்க்காமலே சரி போட்டதையும், ஏன் போட்டேன் என்பதையும் சொல்லி முடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் குந்தி, இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டார். தொலைபேசி இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

1:20க்கு மாமா வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என்னிடம்தான் விசாரித்தார். மெசின் நல்லது, இரண்டு பக்கமும் முள் நின்றது என்றேன். அப்போதுதான் அடைக்கலநாதன் வாய் திறந்தார்.

“சில்லைக் கழட்டிப் பாருங்கோ அண்ணை.”

மாமா காந்தச் சில்லைக் கழற்றினார். குனிந்தார். கனநேரம் நிமிரவில்லை.

“எத்தினை நிமிசம் நிண்டது எண்டனி?”

“பதினொண்டு.”

“உதுக்குள்ளை சீலே இல்லையடி.”

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சீல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்ட ஓட்டை. அவருடைய சுண்டு விரல் அதற்குள் போய் வந்தது. பிறகு தானே பம்பைப் பிடித்து உறிஞ்சிப் பார்த்தார். முள் துடிக்கக்கூட இல்லை. ஊதிப் பார்த்தார். நுரையெல்லாம் தெறித்து அவருடைய சேட்டில் பட்டது. இது ஒரு செக்கன்கூட நில்லாது என்றார். இரண்டு தரம் சொன்னார், இரண்டாவது தரம் மிகவும் மெதுவாக.

அடைக்கலநாதன் எழுந்து வந்து, சேட்டுப் பையிலிருந்து ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஒயில் சீல். நெளிந்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்த கீறல்கள் அதில் பளபளத்தன. அவர் தம்பியின் மெசினை முந்தின நாள் இரவு தன் வீட்டிலேயே கழற்றி, முள் கட்டாயம் விழ வேண்டும் என்று, அதைப் பிடுங்கி எடுத்துவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்தாராம்.

“கழட்டேக்கை இந்தச் சீல் நல்லா இருந்ததோ, பழுதாப் போயிருந்ததோ?” என்று மாமா கேட்டார். “அதை மட்டும் சொல்லு அடைக்கலம். இந்தப் பிள்ளைக்குத் தெரியவேணும்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் இடது தோளுக்கு மேலே பார்த்தார். தொலைபேசியையும் மெசினையும் எடுக்காமல், வாசலில் கழற்றிய செருப்பையும் போடாமல், கொதிக்கிற தார் றோட்டில் இறங்கி நடந்து போனார்.