வெல்டா எவ்வளவு சம்பாதிக்கிறாள்

லாஸ் வேகஸில் போக்கர் மேசைக்குச் சீட்டுப் பிரித்துப் போடுகிறவளிடம் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு தேறும்?" வெல்டா குச்மார்ஸ்கியை இந்தக் கேள்வி பத்தொன்பது வருஷமாகத் துரத்தியது. ஆரம்பத்தில் உள்ளதைச் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தரும் நம்பவில்லை. அப்புறம் எரிச்சலோடு, "உங்களைவிடக் கம்மிதான், கவலைப்படாதீங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

உள்ளது இவ்வளவுதான். சூதாட்ட விடுதி தருவது மணிக்குப் பன்னிரண்டு டாலர். சட்டம் இதற்குக் கீழே தரவிடாது, அதனால் தருகிறார்கள். மற்றபடி சோறு போடுவது டிப்ஸ். ஒரு ஆட்டத்தில் ஜெயித்தவன் தன் பக்கம் வந்த குவியலிலிருந்து ஒரு டாலர் சில்லை எடுத்து வீசுவான். அதை மேசையின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட வேண்டும். மேலே இருக்கும் காமிராவுக்கு அதுதான் கணக்கு. மற்ற ஆட்டங்களின் டீலர்கள் டிப்ஸை ஒன்றாகச் சேர்த்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். போக்கர் டீலர்களுக்கு அது இல்லை. அவரவர் பையில் விழுந்தது அவரவருக்கு. அதனால்தான் வெல்டா வேகமாகப் போடுவாள். மணிக்கட்டு வீங்கி, ராத்திரி ஐஸ் கட்டிக்கொண்டு படுத்தாலும், மறுநாள் அதே வேகம். கூடுதலாக ஒரு ஆட்டம் நடந்தால் கூடுதலாக ஒரு டாலர் விழலாம். விழாமலும் போகலாம்.

ஆர்வில் டேட்டம் மேசையில் இருந்தால் விழாது.

ஆர்வில் கூரை வேய்ந்து ஓய்வு பெற்ற கிழவன். காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவன் சீட்டைக் கையில் பிடிக்காமல் மேசையில் விட்டுவிட்டு பர்கரைக் கடித்துக்கொண்டிருந்தான். மடக்கிய சீட்டு என்று நினைத்து வெல்டா வாரிக் குப்பையோடு சேர்த்துவிட்டாள். அதில் இரண்டு ராஜா இருந்ததாக அவன் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான். கையில் பிடித்திராத சீட்டுக்கு யாரும் பொறுப்பில்லை என்பது எல்லா மேசைக்கும் பொது. அது ஆர்வில்லுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம் ஆறவில்லை. டீலர்கள் அரை மணிக்கொரு தடவை மேசை மாறுவார்கள். அன்றிலிருந்து வெல்டா உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரமும் ஒரு பைசா போட மாட்டான். அவள் எழுந்து, அடுத்த டீலர் வந்து உட்காரும்போது, அவள் கண்ணெதிரே இரண்டு டாலரைத் தூக்கிப் போட்டு, "இது உனக்கு, நல்ல பிள்ளைக்கு" என்பான்.

அந்த ஜூலையில் வெல்டாவின் வீட்டு ஏசி செத்துப்போனது. புதுசு போட ஏழாயிரம் டாலர் ஆகும் என்று வந்து பார்த்தவன் சொல்லிவிட்டான். வீட்டில் புருஷன் லீலண்ட், முதுகெலும்பில் ஆபரேஷன் செய்துகொண்ட ஆள், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே நிழலிலேயே நூற்றுப் பதினாலு டிகிரி. இந்த வாரத்துக்குள் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதைத் தவிர வெல்டாவின் மண்டையில் வேறெதுவும் ஓடவில்லை.

பணம் வரும் வழி சுவரிலேயே பெரிய எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது: எண்பதாயிரத்துச் சொச்சம் ஜாக்பாட். பிரமாதமான சீட்டை வைத்துக்கொண்டும் தோற்கிறவனுக்கான பரிசு அது. தோற்றவனுக்குப் பாதி, ஜெயித்தவருக்குக் கால், மிச்சம் மேசையில் இருக்கிற மற்றவர்களுக்கு. அந்த நேரம் யார் சீட்டுப் போட்டாலும், எல்லாருமாகச் சேர்ந்து அந்த டீலரைக் கனமாகக் கவனித்துவிடுவார்கள். அது ஊர் வழக்கம். ஒரே ஒரு நிபந்தனை, ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருக்கிறது: ஆட்டம் முடிவதற்குள் யாராவது ஜாக்பாட் பேச்சை எடுத்தால் பரிசு கிடையாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெல்டாவின் மேசையில். நடுவில் விரித்த சீட்டுகள்: இஸ்பேடு எட்டு, ஒன்பது, பத்து, கூடவே ஆட்டின் பத்து, ஒரு உதவாக்கரை இரண்டு. ஆர்வில் கையில் மிச்சம் இரண்டு பத்தும் இருந்தன. அவன் எதிரே டாம்பாவிலிருந்து விடுமுறைக்கு வந்த நர்ஸ் ஜனெல். அவன் ஏற்ற ஏற்ற அவளும் ஏற்றினாள். மூன்றாவது முறை அவள் ஏற்றியதும் ஆர்வில்லின் முகம் மாறியது. நான்கு பத்தை அடிக்க ஒரே வழி, அவளிடம் இஸ்பேடு வரிசை முழுசாக இருக்க வேண்டும். இருந்தால் அவன் தோற்பான். தோற்றால் நாற்பதாயிரம். பக்கத்தில் ஒருவன் வாயைத் திறக்கப் போவதுபோல் இருந்தது.

"யோவ், யாரும் ஜாக்பாட் பேச்சை எடுத்துடாதீங்க! வாயைப் பொத்திக்கிட்டு இருங்க, புண்ணியமாப் போகும்!"

சொன்னது ஆர்வில்தான். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

வெல்டாவுக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த நொடியே மேற்பார்வையாளர் டெஸ்ஃபாயேவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் கூப்பிடவில்லை. ஏழாயிரம் டாலர் அவள் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. "அவங்க ஏத்தியிருக்காங்க. உங்க முறை, சார்," என்றாள்.

அவள் ஏற்றிய அளவுக்கு ஆர்வில்லும் பணத்தைப் போட்டான். ஜனெல் இஸ்பேடு ராணியும் ஜாக்கியும் திருப்பினாள். மேசையே துள்ளிக் குதித்தது.

டெஸ்ஃபாயே வந்தார். சீட்டுக் கட்டை எண்ண வேண்டும், காமிராப் பதிவைப் பார்க்க வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும், யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெல்டாவும் அங்கேயே இருக்க வேண்டும்.

ஜனெல் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்கு ரெண்டாயிரம் தரணும்னு இருக்கேன். சரிதானே?"

"ரொம்ப சந்தோஷம், மேடம்."

"எதுக்கு?" என்றான் ஆர்வில். "எதுக்கு ரெண்டாயிரம்? இவ என்ன, வரைஞ்சா கொடுத்தா சீட்டை? கூலி வாங்குறாள்ல?"

"உங்க பணத்தை நீங்க வச்சுக்குங்க ஆர்வில். மத்தவங்களை ஏன் கலைக்கிறீங்க?"

"நான் கணக்குத்தான் சொல்றேன். மணிக்கு முப்பது ஆட்டம். ஆட்டத்துக்கு ஒரு டாலர்னு வை. முப்பது. கூலி பன்னெண்டு. ஆக நாப்பத்திரெண்டு. வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்க."

தொப்பிக்காரன் ஒருவன் போனை எடுத்துப் பெருக்கினான். "எண்பத்தேழாயிரம். அட, நான் பஸ் ஓட்டி இதுல பாதிதானே சம்பாதிக்கிறேன்!"

"அது எல்லா ஆட்டத்துலயும் விழுந்தா," என்றாள் வெல்டா. குரல் ஏறியது. "பாதி ஆட்டத்துல ஒண்ணும் விழாது. மேசை காலியானா வீட்டுக்குப் போன்னு அனுப்பிடுவாங்க. வாரத்துல மூணு நாள்தான் முழு வேலை. காய்ச்சல்னு படுத்தா ஒரு காசு கிடையாது. டிப்ஸுக்கும் வரி கட்டுறேன். இவரை மாதிரி ஆளுங்க போடுற பூஜ்யத்தையும் சேர்த்துப் பெருக்குங்க."

"பாத்தீங்களா, எப்படிப் பேசுறா? முப்பத்தஞ்சு வருஷம் கூரை மேல வெயில்ல வெந்தேன். எனக்கு எவன் டிப்ஸ் போட்டான்?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"என் ராஜா ரெண்டையும் குப்பையில தள்ளினியே, அப்ப ஏதாவது பண்ணியா? ஒரு மன்னிப்புக் கேட்டியா?" மேசையைச் சுற்றிப் பார்த்தான். "யாரும் இவளுக்கு ஒத்தை டாலர் தரக் கூடாது. சொல்லிட்டேன். எனக்கு இது நாப்பதாயிரம். இவளுக்கு ஒரு சல்லி கிடையாது."

ஒருவர் தலையாட்டினார். தொப்பிக்காரன் போன் திரையை அடுத்தவனிடம் காட்டினான். ஜனெல் மெதுவாகக் கேட்டாள்: "நிஜமாவே எண்பத்தேழாயிரம் வருமா?"

போன வருஷம் அவள் வரி கட்டியது நாற்பத்தோராயிரத்துக்கு. அதைச் சொன்னால் பிச்சை கேட்பதுபோல் இருக்கும். ஜனெல் சில்லுகளைக் கைப்பைக்குள் ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள். ரெண்டாயிரத்தைப் பற்றி அவள் மறுபடி பேச்செடுக்கவில்லை.

டெஸ்ஃபாயே திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு. "காமிரா சரி, கட்டும் சரி. காமிராவுக்குக் காது கிடையாது. அதனால வழக்கமான கேள்வி மட்டும் பாக்கி. வெல்டா, ஆட்டம் முடியுறதுக்குள்ள யாராவது ஜாக்பாட் பத்திப் பேசினாங்களா?"

ஆர்வில் நாற்காலியில் சாய்ந்து, அவளைப் பார்க்காமல், பானம் கொண்டுவரும் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஐம்பது டாலரை அவள் தட்டில் வைத்தான். "உனக்கும்மா. நல்ல பிள்ளைக்கு."

"பேசினாங்க," என்றாள் வெல்டா.

"என்ன?"

"ஆர்வில் பேசினார். அவங்க மூணாவது தடவை ஏத்தினப்ப. 'யாரும் ஜாக்பாட் பேச்சை எடுத்துடாதீங்க'ன்னார்."

ஆர்வில் எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. "பொய்! பழி வாங்குறா! ஒரு மணி நேரமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தா?"

டெஸ்ஃபாயே மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தொப்பிக்காரன் மேற்கூரையை ஆராய்ந்தான். ஜனெல் மட்டும் கைப்பையைப் பார்த்துக்கொண்டே, "அவர் அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்," என்றாள். சொன்னதும் அழ ஆரம்பித்தாள்.

அதோடு முடிந்தது. சுவரில் எண்பதாயிரம் அசையாமல் நின்றது.

"என் பொண்ணோட காலேஜ் கடன் அது," என்றாள் ஜனெல், வெல்டாவைப் பார்த்து. "எனக்கு நீங்க ஏன் இதைப் பண்ணினீங்க?"

ஆர்வில்லை இரண்டு காவலர்கள் கைத்தாங்கலாக வாசலுக்கு நடத்திப் போனார்கள். போகிற வழியெல்லாம் அவன் எண்பத்தேழாயிரம், எண்பத்தேழாயிரம் என்று கத்திக்கொண்டே போனான்.

டெஸ்ஃபாயே அவளை ஒதுக்குப்புறமாக அழைத்தார். "உண்மையைச் சொன்னே, சரி. கேட்ட உடனே ஏன் என்னைக் கூப்பிடலை?"

"இப்ப சொல்லிட்டேனே."

"அது பதில் இல்லை, வெல்டா. இதை நான் மேலே எழுதித்தான் ஆகணும். இன்னொரு தடவை நடந்தா உன்னை என்னால காப்பாத்த முடியாது." வாட்சைப் பார்த்தார். "போ. அடுத்த மேசை காத்திட்டிருக்கு."

போகிற வழியில் லீலண்டைப் போனில் கூப்பிட்டாள். ஏதாவது தேறுமா என்று கேட்டான். "பெரிய ஐஸ் மூட்டை ரெண்டு வாங்கி வை," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த மேசைக்கு எல்லாச் சத்தமும் கேட்டிருந்தது. அவள் உட்கார்ந்து கட்டைக் கலைத்துப் போட்டாள். முதல் குவியலை ஒரு வாலிபன் ஜெயித்தான். சில்லுகளை அடுக்கினான், ஒன்றை விரலில் எடுத்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அடுக்கிலேயே வைத்தான். இரண்டாவது ஆட்டத்திலும் ஒன்றும் விழவில்லை. மூன்றாவதிலும் இல்லை. சட்டைப் பை தட்டையாகவே கிடந்தது. வெல்டா வழக்கத்தைவிட வேகமாகப் போட்டாள்.

அந்த வாலிபன் குனிந்து கேட்டான். "ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கிழவன் ஒழுங்கா டிப்ஸ் போடுற ஆளா இருந்தா, அப்பவும் சொல்லியிருப்பீங்களா?"

"வாயைத் திறந்திருக்க மாட்டேன்," என்றாள் வெல்டா. "உங்க முறை, சார். ஆடுறீங்களா, மடக்குறீங்களா?"