போன் அடிக்கக் கூடாத நாள்

தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில், இர்விங் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டில், கீழ் வீட்டுக்காரர் ஒரு புட்பால் ஆட்டக்காரர். உதைக்கிற புட்பால் இல்லை, அமெரிக்கர்கள் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற புட்பால். அதிலும் அவர் பந்தைத் தொடவே மாட்டார். பந்தை எறிகிறவன் மேல் எதிரணிக்காரர்கள் வந்து விழாமல் முன்னால் நின்று தடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு லைன்மேன் என்று பெயர். ஊருக்கு எழுதினால் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று நான் எழுதவே இல்லை.

அவர் மனைவிதான் அங்கே எனக்கு இருந்த ஒரே தோழி. என் கணவர் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். என் விசாவில் நான் வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டவும் தெரியாது. நாலு சுவரைப் பார்த்துப் பார்த்து எரிந்து விழுந்துகொண்டிருந்த என்னை அவள்தான் தன் காரில் ஏற்றி கடைக்கும் லைப்ரரிக்கும் கூட்டிப் போவாள். ஒருநாள் நன்றிக்கு அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். எடை குறைந்தால் அணியில் வைத்திருக்க மாட்டார்களாம். நான் ஊற்றிய இரண்டு ஈடு இட்லியையும் அந்த மனிதர் பசியே இல்லாமல், ஆபீஸ் வேலை மாதிரி, சாப்பிட்டு முடித்தார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இரண்டு அணிகள் ஏற்கெனவே அவரைக் கழற்றிவிட்டிருந்தன. முழங்காலில் ஆபரேஷன் வேறு. இந்த வருஷமும் இடம் கிடைக்காவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிட்டு அவளுடைய அப்பா ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அவர் முழங்காலைவிட, அவள் போய்விடுவாளே என்பதுதான் எனக்குக் கவலை. சுயநலம்தான், இருக்கட்டும்.

சீசனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டத்துக்கு எங்களையும் அழைத்துப் போனாள். மைதானத்தில் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள்; எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திடீரென்று ஒலிபெருக்கியில் அவருடைய சட்டை எண் கேட்டது.

"பாத்தியா, நம்மாளு நம்பரைச் சொல்றாங்க!" என்று என் கணவர் எழுந்து நின்று விசிலடித்தார். நானும் கை தட்டினேன்.

பக்கத்தில் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். லைன்மேன் தப்பு செய்தால் மட்டும்தான் நடுவர் எண்ணைச் சொல்வாராம். எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாராம். ஒழுங்காக ஆடினால் அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. இது என்ன பிழைப்பு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதன் பிறகு ஒலிபெருக்கி கரகரத்தபோதெல்லாம் அவள் என் கையைப் பிடித்து நெரித்தாள். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஆட்களைக் கழிக்கும் கடைசி நாள் வந்தது. வேண்டாதவர்களுக்கு அணி அலுவலகத்திலிருந்து போன் வரும். மாலை நான்கு மணிவரை வராவிட்டால் இடம் உறுதி. நான் மத்தியானமே கீழே போய்விட்டேன். அவர் சோபாவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து முக்காலியில் போன். டிவியைக்கூட யாரும் போடவில்லை. பேசினால் அது அடித்துவிடும் என்பதுபோல நாங்கள் மூவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

மூன்றரை இருக்கும், அடித்தது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் அதை அடிக்கவிட்டுப் பார்த்தார். பிறகு எடுத்து, "யெஸ் சார்" என்றார். கேட்டுக்கொண்டே இருந்தார். ரொம்ப நன்றி, இன்னும் எதுவும் தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டு, உன் கணவர் என்றார் என்னைப் பார்த்து.

எங்கள் ஊர்ப் பக்கம் ரிசல்ட் வருகிற நாளில் போன் செய்து என்னாச்சு என்று கேட்காவிட்டால்தான் தப்பு. என் கணவர் ஆபீஸிலிருந்து அந்த மரியாதையைச் செய்திருக்கிறார். எனக்கு மானமே போனது. ஆனால் அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அவரும் சோபா குலுங்கச் சிரித்தார். அன்று முழுக்க அடக்கி வைத்திருந்தது எல்லாம் சிரிப்பாக வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரித்து ஓய்வதற்குள் மறுபடியும் போன். இந்தா, நீயே பேசு என்று அவர் போனை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா? இங்க மூணு பேரு உசுரக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கோம். மறுக்கா மறுக்கா போன் பண்ணி எதுக்கு எங்க உசுர வாங்கறீங்க? வெச்சுத் தொலைங்க!"

நான் முழுசாகத் திட்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பழக்கமில்லாத ஒரு குரல் ஆங்கிலத்தில், மன்னிக்க வேண்டும் மேடம் என்றது. அணி அலுவலகம் என்று சொல்லி, கீழ் வீட்டுக்காரரின் முழுப் பெயரையும் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டது. அவ்வளவு பணிவாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

அவர்கள் இருவரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராங் நம்பர் என்று வைத்துவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன். அதற்குள் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். நான் ரிசீவரை அவரிடம் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி, வேண்டாம், நீயே பேசு என்றார்.