துணிக் கிளிப் மாட்டிய வயலின்

எங்கள் வீட்டு வயலினில் சொட்டு நீலத்தின் வாசனை அடிக்கும். வயலினுக்கும் சொட்டு நீலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொல்லைக் கொடியில் அப்பாவின் யூனிஃபார்ம் சட்டையைக் கவ்விக்கொண்டிருந்த மரக் கிளிப் ஒன்றைக் கொண்டுவந்து, வயலின் தந்திகளைத் தாங்கி நிற்கும் ‘குதிரை’ என்கிற சின்ன மரத்துண்டின் தலையில் மாட்டி வைத்திருந்தோம். நான் வில்லைப் போடக் குனியும்போதெல்லாம் அந்த ஈரத்துணி வாசனையும், வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டியின் பிசின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். கிளிப்பை மாட்டினால் வயலினின் சத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சளி பிடித்தவர் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் எங்கள் ஊரின் தூக்கம். நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுச் சுவரைத்தான் அடுத்த வீடும் சுவராக வைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்று சொல்லலாம். மைன்ஸ் மூன்று ஷிப்டும் ஓடும். ஆகவே வரிசையில் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் வேலைக்குப் போயிருப்பார், யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டிருப்பார், யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்குகிற வீட்டில், அவருடைய மஞ்சள் ஹெல்மெட்டை வாசல் கேட்டில் மாட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தால் காய்கறி வண்டிக்காரர் கூவாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார், நாங்கள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவோம். விருந்தாளிகூட கேட்டின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ‘ஹெல்மெட் மாட்டியிருக்கு’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

இப்படிப்பட்ட ஒரு வரிசையில்தான் எனக்குப் பத்து வயதானபோது ஒரு வயலின் வந்து சேர்ந்தது. பின்தெருவில் ரிட்டயர்ட் ஆகி வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம், லாரியில் ஏற்ற இடமில்லாமல் துளசித் தொட்டி, மர பீரோ, வயலின் ஆகியவற்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. அம்மா பீரோவைத்தான் கேட்கச் சொன்னாள். அப்பா வயலினைத் தூக்கிக்கொண்டு வந்தார். “பீரோ பேசுமா?” என்று கேட்டாராம். அம்மா அதைப் பல வருடங்கள் சொல்லிக்காட்டினாள்.

அப்பாவுக்குச் சத்தத்தின் மேல் ஒரு தனிக் கர்வம் இருந்தது. மைன்ஸில் பழுப்பு நிலக்கரியைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட் மைல் கணக்கில் ஓடும், அதன் அடியில் ஆயிரக்கணக்கில் ரோலர்கள் உருளும். எந்த ரோலர் போகப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர். காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த அடைப்பானை அவர் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். “அத மாட்டிக்கினா ரோலரு சொல்றது எனக்கு எப்படிக் கேக்கும்?” என்பார். அந்தக் கர்வம்தான் எங்கள் இருவரையும் கவிழ்த்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் மாலையில், கிளப் கட்டிடத்தில் ஓர் அதிகாரியின் மனைவி வயலின் சொல்லிக்கொடுத்தார். எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. எட்டுப் பிள்ளைகள் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஒன்றாக இழுப்போம். வகுப்பு முடிந்தபின் வீட்டில் தினம் ஒரு மணி நேரம் சாதகம் செய்ய வேண்டும் என்பது மிஸ்ஸின் கண்டிப்பு. முதல் நாளே வலது பக்கத்து வீட்டு விஜயா அத்தை எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டார். சண்டை போடுகிறவர் இல்லை, அதுதான் சங்கடம். “பாப்பா நல்லாத்தான் வாசிக்குது. மாமா இப்பத்தான் கண்ண மூடினாருங்க” என்று அவர் சொன்னதும் அம்மா வெட்கத்தில் சுருங்கிப்போனாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்காதவன் அடுத்த ராத்திரி மெஷின்மேல் நின்று கண் அசந்தால் என்ன ஆகும் என்பது அந்த வரிசையில் குழந்தைகளுக்கும் தெரியும்.

அப்பா அன்றே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு சார்ட் போட்டார். வலது பக்கத்து வீடு, இடது பக்கத்து வீடு, பின்பக்கத்து வீடு ஆகிய மூன்றுக்கும் யாருக்கு எந்த வாரம் என்ன ஷிப்ட் என்று கட்டம் கட்டி எழுதி, யாருமே தூங்காத நேரத்தைப் பச்சை மையில் அடிக்க உட்கார்ந்தார். பச்சைக்கு வேலையே வரவில்லை. பகலில் ஒருவர் விழித்தால் இன்னொருவர் படுத்தார், மாலையில் ஒரு வீட்டில் கைக்குழந்தை. அரை மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனவர், கிளிப்போடு திரும்பி வந்தார். “மெதுவா வாசி பாப்பா. மெதுவா வாசிச்சாலும் பாட்டு பாட்டுதான்” என்றார்.

இரண்டரை வருடம் அப்படியே வாசித்தேன். கிளிப் போதாது என்று நானாகவே வில்லையும் தந்தியில் படாமல் படவிடக் கற்றுக்கொண்டேன். விஜயா அத்தை மறுபடி வரவேயில்லை, அதை நான் பரிசு வாங்கியது போல நினைத்துக்கொண்டேன். அப்பா எந்த ஷிப்டில் இருந்தாலும், வீட்டில் இருக்கும் நாளில் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். கண்ணை என் வலது கையிலிருந்து எடுக்கமாட்டார். வில் திரும்புகிற இடத்தில் தலையை ஆட்டுவார். அப்படி ஒரு ரசிகர் எனக்குப் பின்னால் வாய்க்கவே இல்லை. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் ஒரு கீதம் முடிவதற்குள் பேப்பரைப் பிரித்துவிடுகிறவர்கள்.

எனக்குப் பதின்மூன்று நடக்கும்போது மிஸ்ஸின் கணவருக்கு மாற்றல் வந்தது. மிஸ்ஸும் போய்விட்டால் டவுன்ஷிப்பில் எங்களுக்குச் சொல்லித்தர வேறு ஆள் இல்லை. கடலூரில் ஓர் இசைப்பள்ளி இருக்கிறது, வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தேறியவர்களை மட்டும் எடுப்பார்கள், எடுத்துக்கொண்டால் கச்சேரி மேடை வரைக்கும் அவர்கள் பொறுப்பு, இல்லாவிட்டால் இத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான் என்று மிஸ் அப்பாவிடம் சொன்னார். அதற்காக முதல்முறையாக என்னைத் தனியே உட்காரவைத்து ஒரு வர்ணத்தை வாசிக்கச் சொன்னார். பாதியிலேயே கையைப் பிடித்து நிறுத்தினார். எட்டு வயலின் சத்தத்துக்குள் என் வயலின் இத்தனை நாள் ஒளிந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. “என்னம்மா, வில்லுக்கு வலிச்சுடும்னு பயமா? அழுத்து. கடைசி வரிசையில இருக்கறவங்களுக்குக் கேக்கணும்” என்றார். இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

வீட்டில் அழுத்த முடியாது. ஆகவே அப்பா தன் ‘வீக்லி ஆஃப்’ நாட்களில் மொபெட்டில் வயலினையும் என்னையும் ஏற்றிக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்தில் சித்தப்பாவின் முந்திரித் தோப்புக்குப் போனார். சருகைக் கூட்டித் துண்டை விரித்து என்னை உட்காரவைப்பார், கிளிப்பைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வார், பிறகு நான் வாசிக்க வாசிக்க என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பார். பத்து மரம் தள்ளி நின்று வலது கையை உயரத் தூக்குவார். கேட்கிறது என்று அர்த்தம். இருபது மரம் தள்ளி நின்று தூக்குவார். கடைசியில் வேலியோரம், சட்டை மட்டும் வெள்ளையாகத் தெரிகிற தூரத்திலிருந்தும் கை உயர்ந்தது. என் சத்தம் வேலியைத் தொட்டுவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. அந்த மூன்று வாரங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

கடலூரில் ஒரு நீளமான கூடம், மேலே மின்விசிறிகள், எதிரில் மூன்று பேர். அப்பா கடைசி நாற்காலியில். நான் ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் நடுவில் இருந்த அம்மாள் முன்னால் சாய்ந்து, “இன்னும் கொஞ்சம் பலமா வாசிம்மா, எங்களுக்கு இங்கேயே எட்டல” என்றார். நான் நிமிர்ந்து கடைசி நாற்காலியைப் பார்த்தேன். அப்பாவின் கை உயர்ந்திருந்தது. அத்தனை தூரத்தில் இருப்பவருக்கே கேட்கிறது, இவர்கள் ஏதோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்று முடிவு செய்து, வாசித்தபடியே வாசித்து முடித்தேன். மூன்று பேரை விட்டுவிட்டு ஒரு கையை நம்பினேன்.

முடிந்ததும் அந்த அம்மாள், “பாப்பாவோட அப்பா யாரு, கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டார். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை கூப்பிட்டார், மூன்றாம் முறையும் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த யாரோ தோளைத் தட்டியபின்தான் திடுக்கிட்டு எழுந்து வந்தார். “கை சுத்தமா இருக்கு, தாளமும் நிக்குது. ஆனா சத்தமே வரலைங்க. இப்படிப் படிஞ்சுபோன கையத் திருப்புறது கஷ்டம். எங்களால எடுத்துக்க முடியாதுங்க” என்று அவர் நிதானமாகச் சொன்னார். அப்பா இரண்டு கையையும் கூப்பி, முகமெல்லாம் மலர்ந்து, “ரொம்ப சந்தோஷங்க மேடம்” என்றார். அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டரை வருடமும் சேர்த்து விளங்கிவிட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்துவிட்டு, “ஃபேன் சத்தத்துல சரியா காதுல வுழல. எப்பலேர்ந்து வரச் சொன்னாங்க பாப்பா?” என்று ஆசையாகக் கேட்டார். “எடுத்துக்கலப்பா. சத்தமே வரலைன்னு சொல்லிட்டாங்க. உனக்குக் காதே கேக்கல, அப்புறம் எதுக்குக் கையத் தூக்கின?” என்று கத்தினேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த ஒரே பலமான சத்தம் அதுதான்.

குறிஞ்சிப்பாடி தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். “உன் கை போறது தெரிஞ்சிது பாப்பா. கை அழகாப் போய்க்கினு இருந்துச்சி. சத்தமும் வந்துக்கினுதான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார். பிறகு, “அம்மாகிட்ட சொல்லாத. வேலையில தெரிஞ்சா பெல்ட்டுலேர்ந்து மாத்திடுவாங்க. காதுக்காரன்னு பேரு வாங்கிக்கினு இருக்கறேன்” என்றார். நான் சொல்லவில்லை. மேடையைப் பார்த்து நடுங்கிவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா அதன்பின் என்னைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்றே விருந்தாளிகளிடம் அறிமுகப்படுத்துவாள், அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். கிளிப்பை அவர் மறுபடி குதிரையில் மாட்டிப் பெட்டியை மூடிப் பரணில் வைத்தார். பஸ்ஸில் கத்தியதற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது அப்பா ரிட்டயர்ட் ஆகி, அம்மாவும் போய்ச் சேர்ந்து, குறிஞ்சிப்பாடியில் என்னோடு இருக்கிறார். போன மாதம் ஒரு வேலையாக டவுன்ஷிப் போனபோது பழைய தெருவுக்குள் போய்ப் பார்த்தேன். எங்கள் வரிசை காலியாகிக் கதவு ஜன்னல் எல்லாம் எடுக்கப்பட்டுச் செடி மண்டிக் கிடந்தது. எந்தக் கேட்டிலும் ஹெல்மெட் இல்லை, பல வீடுகளுக்குக் கேட்டே இல்லை. அங்கே இனி யார் எவ்வளவு பலமாக வாசித்தாலும் யாருடைய தூக்கமும் கெடாது.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினேன். கிளிப்பின் கம்பி துருப்பிடித்துக் குதிரையோடு ஒட்டியிருந்தது, ஆட்டி ஆட்டிக் கழற்றினேன். நீல வாசனை இல்லை. புதுத் தந்தி வாங்கி மாட்டி, ஒரு காலையில் கூடத்தில் உட்கார்ந்து, என்னால் முடிந்த மட்டும் அழுத்தி அந்த வர்ணத்தை எடுத்தேன். கை அழுந்த மறுத்தது. அந்த அம்மாள் சொன்னது சரிதான், படிந்த கை படிந்ததுதான். அப்பா ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. காதில் மாட்டுகிற மெஷின் வழக்கம்போல மேசையில் கிடந்தது. துண்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் விரித்து உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தேன். பேப்பரை மடித்து வைத்தார். கண் என் வலது கைக்கு வந்தது. மெல்லத் தன் கையைத் தூக்கினார்.

நான் வில்லைத் தந்தியிலிருந்து ஒரு விரல் அளவு உயர்த்திக் காற்றில் இழுத்தேன். அப்பாவின் கை இறங்கவில்லை. வர்ணம் முடிகிற வரைக்கும் அப்படியே இழுத்துக்கொண்டிருந்தேன்.