தம்பிக்காகக் கேட்ட ஆயுள்

ஸ்டெல்லா டீச்சர் இறந்த செய்தி எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. படித்து முடிப்பதற்குள் கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. அவர் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கியபோது, "பி.டி. டீச்சருக்கே எக்சர்சைஸ் பத்தல" என்று சிரித்தவர்களும் அனுப்பியிருந்தார்கள்.

பல வருடங்கள் ஆஸ்துமா என்றே மருந்து கொடுத்தார்கள். கடைசியில் ஒரு மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துச் சொன்னார்: நுரையீரலைக் காக்கும் ஒரு புரதம் அவர் உடம்பில் பிறவியிலேயே குறைவு, பெற்றோர் வழி வந்தது. துணைக்கு நான் போயிருந்தேன்.

"எனக்கு இன்னும் எம்புட்டு நாள் டாக்டர்?"

"சரியாச் சொல்ல முடியாதும்மா. முன்னாடியே தெரிஞ்சு, புகை படாம இருக்கிறவங்க மத்தவங்க மாதிரி வயசாகி வாழ்றதும் உண்டு. உங்களுக்கு ரொம்ப லேட்டாத் தெரிஞ்சிருக்கு. கூடப் பொறந்தவங்க இருந்தா டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

தன்னைப் பற்றி அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வெளியே வந்ததும், "தாஸு பாக்கெட் பாக்கெட்டா ஊதுறான் டீச்சர்" என்றார். தாஸ் அவருடைய ஒரே தம்பி.

நேராக வண்டியூரில் தம்பி வீட்டுக்குப் போனோம். தாஸின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பரம்பரை' என்ற சொல்லைக் கேட்டதுமே தாஸ் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுக்கா. வெளிய தெரிஞ்சா எம்மகளை எவன் கட்டுவான்? டெஸ்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"எனக்குக் காலம் தப்பிப்போச்சுடா. ஒனக்கு இன்னும் இருக்கு. அந்தச் சிகரெட்டையாவது விட்டுத் தொலை."

பிறகு அக்காவின் போனை அவர் எடுக்கவே இல்லை. மகள் கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வந்து உட்கார்ந்தால் சம்பந்தி வீட்டார் என்னவென்று கேட்பார்களாம். கல்யாணத்தன்று டீச்சரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார், அழவில்லை. "மானத்தக் காப்பாத்திட்டான். மூச்ச யாரு காப்பாத்துவா?" என்றார். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு முடித்ததும், தாஸ் மதிலோரம் போய்ச் சிகரெட் பற்றவைத்தார். இழுக்க இழுக்க இருமினார். பக்கத்தில் போய், "இப்பவாச்சும் டெஸ்ட் எடுங்கண்ணே" என்றேன்.

"எங்கக்கா இதத் தொட்டதே இல்ல டீச்சர். அதுவே போயிருச்சு. நான் விட்டு என்ன ஆகப்போகுது?"

ஸ்டெல்லா டீச்சர் பொறுமைசாலி என்று நீங்கள் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறீர்கள். கடைசி வாரம்வரை அவர் கோபமாக இருந்ததை நான் பார்த்தேன். தனக்குக் கிடைக்காமல் போன வருடங்களைத் தம்பிக்காவது வாங்கித்தர முயன்று தோற்றவரின் கோபம் அது. எனக்கென்று அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆறவிடப் போவதில்லை.