சென்டர் ஹாஃப் சூசையின் முழங்கால்

பந்தாட்டம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு எதிரணி என்று தனியாக ஒன்று தேவையில்லை, வாசகர்களே போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவின் ஈப்போ நகரில் ஒரு தமிழ் நாளிதழில் வேலை பார்த்தேன். காலையில் ஈய விலை, மத்தியானம் ரப்பர் விலை, சாயங்காலம் பந்து. விலை தப்பாக அச்சானால் யாராவது ஒருவர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார். பந்து தப்பாக அச்சானால் ஒரு தெருவே வரும். பத்திரிகையில் இருந்தவர்கள், சங்கத்துச் செயலாளராக மாட்டிக்கொண்டவர்கள், ஊதலும் கையுமாகத் திடலில் நின்று வசவு வாங்கியவர்கள் எல்லோரும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள். என் நோயின் பெயர் சூசை.

தோளில் ஏற்றியது

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அதன் பந்தாட்ட அணிக்கு ஈப்போவில்தான் ரசிகர்கள் அதிகம். அணியை நடத்தியவர் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஞானப்பிரகாசம். ஆட்டக்காரனுக்கு ஆட்டத்துக்காகச் சம்பளம் கொடுப்பது அந்தக் காலத்தில் மரியாதைக் குறைவு. அதனால் ஏதாவது ஒரு வேலை கொடுப்பார்கள். சென்டர் ஹாஃபாக நடுக்களத்தில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்க, பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்த சூசையை ஸ்டோர் கிராணி வேலை என்று சொல்லி வரவழைத்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் நிபந்தனை ஒன்றுதான். அந்த வருஷக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சூசை ஆடி அணி ஜெயித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பினாங்கு ரயில். துறைமுக வேலையை விட்டுவிட்டு வந்த மனிதருக்குப் பினாங்கு ரயிலில் ஏறியும் பயனில்லை.

ஈப்போ ஸ்டேஷனில் மாலை போட்டதோடு விட்டிருக்கலாம். எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் அந்தோணி ஆறடி. முடிவெட்டுக் கடை முனியாண்டி அந்தோணியின் நெஞ்சு வரைக்கும் வருவார். இருவரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துச் சூசையைத் தோளில் ஏற்றினார்கள். சூசை இயல்பாகவே முனியாண்டி பக்கம் சரிந்தார். முனியாண்டி இயல்பாகவே ஒதுங்கிக்கொண்டார். அந்தோணி பிடித்திருந்த கால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூட்டை தள்ளும் வண்டியின் இரும்பில் முட்டி பட விழுந்தது. சூசை தரையில் மாலையோடு கிடக்க, முனியாண்டி குனிந்து இரண்டு கால்களையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் பிடிச்ச காலு நல்லாத்தான்லா இருக்கு. அந்தோணி பிடிச்ச காலைப் பாருங்க!"

மூன்று கட்டு

முதலில் சீன வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். கறுப்புக் களிம்பு பூசி ஒரு கட்டுப் போட்டார். மறுநாள் மெங்கிளம்புவில் ஒரு மலாய்க்காரர் நன்றாக உருவிவிடுவார் என்று யாரோ சொல்ல, அங்கே கொண்டு போனார்கள். கட்டை அவிழ்த்தால் சீனர் கோபித்துக்கொள்வார் என்று இவர்கள் சொன்னதால், மலாய்க்காரர் அந்தக் கட்டுக்கு மேலும் கீழும் உருவிவிட்டு, தன் பங்குக்குத் தானும் ஒன்று கட்டினார். மூன்றாவதாக ஞானப்பிரகாசத்தின் வீட்டு அம்மாள் நல்லெண்ணெயில் தோய்த்த துணியைச் சுற்றிவிட்டு, மாதா கோயில் மெழுகுவர்த்தி ஒன்றும் நேர்ந்துகொண்டார்.

என் ஆசிரியர் உடனே செய்தி வேண்டும் என்றார். எலும்பு முறிவா, சுளுக்கா, வெறும் வீக்கமா? ஊரில் மூன்றுக்கும் ஆள் இருந்தார்கள். சூசையைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில், புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸரிடம் போய்க் கேட்டேன். தலையணை கட்டிக்கொண்டு படுத்திருப்பது போலிருந்த அந்தக் காலைக் காட்டி அவர் சொன்னார்: "எலும்பா சுளுக்கான்னு அப்புறம் சொல்றேன் சார். முதல்ல இதை அவுக்க ரெண்டு ஆளு அனுப்பி வைங்க."

முடிவெட்டுக் கடை மன்றம்

சூசை நடக்க முடியாமல் படுத்திருந்த நாட்களில் முனியாண்டி கடையில் முடிவெட்டிக்கொள்வது உயிரோடு விளையாடுகிற காரியம். பேச்சு சூடானால் முனியாண்டி கத்தியை வீசிப் பேசுவார். அவர் கட்சி, சூசைக்கு ஒன்றுமே இல்லை, உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டார் என்பது. காரணம் எல்லோருக்கும் தெரியும். முட்டியில் அடியே இல்லை என்றால் தான் கீழே போட்ட பழியும் இல்லை. அந்தோணியின் கட்சி, சூசை ஒற்றைக் காலில் நின்றாலும் இப்போதிருக்கிற பதினொரு பேருக்குச் சமம் என்பது. ஒருநாள் பாதி மீசையோடு எழுந்து நின்று ஒரு லாரி ஓட்டுநர் அந்தோணிக்கு ஓட்டுப் போட்டார். மீதி மீசையை எடுக்க முனியாண்டி மறுத்துவிட்டார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். சூசை ஆடி இங்கே யார் பார்த்திருக்கிறீர்கள்? அந்தோணி பார்த்ததில்லை. முனியாண்டி பார்த்ததில்லை. ஓட்டுநரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் எல்லோருக்கும் வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். முனியாண்டி கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே சொன்னார்: "பாத்தவன்தான் பேசணும்னா அப்புறம் உங்க பேப்பரு எதுக்குண்ணே?"

நாற்காலி

அரையிறுதி ஆட்டம் தோட்டத்துத் திடலில். சூசை கோட்டோரம் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு மண்ணெண்ணெய் டின் மேல் வைத்துக்கொண்டார். அதுவரை வாய் திறக்காத மனிதர் அன்று திறந்தார். "தங்கராசு, இடது பக்கம் காலியா கிடக்கு பாரு! மச்சான், பந்தை விடு, ஆளைப் பாரு!" அவர் சொன்ன இடத்துக்குப் பந்து போனது, பந்து போன இடத்தில் நம் ஆள் இருந்தான். இரண்டு கோல். தோற்ற அணிக்காரர் ஒருவர் நடுவரிடம் ஓடி வந்து முறையிட்டார்: "ஐயா, பதினோரு பேரோட ஆடச் சொன்னீங்க, ஆடினோம். நாற்காலியோட ஆடச் சொல்லலியே!"

கயிறு அவிழாத பெட்டி

ஊர் இன்னும் இரண்டாகப் பிரிந்தது. உட்கார்ந்தே இரண்டு கோல் என்றால் எழுந்தால் எத்தனை என்றது அந்தோணி கட்சி. இவ்வளவு சத்தம் வருகிற உடம்பில் முட்டி மட்டும் எப்படிக் கெட்டுப்போகும் என்றது முனியாண்டி கட்சி. துரை எந்தக் கட்சியிலும் இல்லை. நாற்காலியைத் தான் வேலைக்கு எடுக்கவில்லை என்று பெரிய கிராணியிடம் சொல்லி அனுப்பினார்.

ஆட்டத்தில் இறங்கியவர் பாதியில் வெளியே வந்தாலும் மாற்று ஆள் கிடையாது, அப்போதைய சட்டம் அப்படி. நொண்டிக்கொண்டு ஓர் ஆள் இறங்குவது என்றால் அணி பத்துப் பேரோடு ஆடுவது என்று அர்த்தம். சூசையைப் பார்க்கத் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் அவர் பெட்டி பினாங்கில் கட்டிய கயிற்றோடு அப்படியே இருந்தது. பினாங்கில் விட்டு வந்த சம்சாரத்தை வரச் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே, என்னைப் பத்தி நல்லாவும் எழுத வேணாம், கெட்டதாவும் எழுத வேணாம். ஞாயித்துக்கெழம ஆட்டம் வரைக்கும் எழுதாமலே இருங்களேன்."

ராயப்பனின் சவரம்

அவர் கேட்டபடி நான் எழுதவில்லை. ஆனால் ஈப்போவில் என் பேப்பரை விட அதிகம் பரவுவது முனியாண்டியின் வாய். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எதிர்த்து ஆட இருந்த பத்து காஜா ஊர் அணியின் கேப்டன் ராயப்பன், யாருடைய கடை என்று தெரியாமல் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு நான். வாயைத் திறந்தால் சோப்பு உள்ளே போகும்.

முனியாண்டி அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார். "முட்டியா? எல்லாம் வேஷம் மச்சான்! அந்தக் கட்டை அவுத்தா உள்ளே கல்லு மாதிரி காலு. நாளைக்குப் பாரு, முதல்ல நொண்டுற மாதிரி நடிப்பான்." சொந்த அணியின் சென்டர் ஹாஃபைப் பற்றி எதிரணிக் கேப்டனிடம் பேசுகிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கடையில் யார் உட்கார்ந்தாலும் தாடைதான் அவர் கண்ணுக்குத் தெரியும். ராயப்பன் கண்ணாடியில் தன் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அப்போ அவன் மேல ரெண்டு பேரைப் போட்டாத்தான் சரிப்படும்."

ஈப்போ திடலில்

மறுநாள் சூசை இறங்கினார். நடுவட்டம் வரை நொண்டிக்கொண்டே போனார். ராயப்பன் தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் அணியில் ஓட்டத்தில் கெட்டிக்காரர்கள் இருவர் சூசைக்கு இரண்டு பக்கமும் வந்து காவல் நின்றார்கள். சூசை நகரவில்லை. அவர்களும் நகரவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குத் துணை நிற்கிற மாதிரி மூன்று பேரும் ஆட்டம் முழுக்க ஒரே இடத்தில் நின்றார்கள். சூசைக்கு ஓடிய ஒரே உறுப்பு வாய்தான். நம் பத்துப் பேர் அவர்களுடைய ஒன்பது பேரோடு ஆடினார்கள். பிற்பாதியில் சூசை கத்திய பக்கம் தங்கராசு ஓடினார், ஆட்டத்தின் ஒரே கோல். அப்போதும் காவலர்கள் இருவரும், நடிப்பு எப்போது முடியும் என்று அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ஊதல் கேட்டதும் சூசை கூட்டத்தைப் பார்க்கவில்லை, துரையைப் பார்த்தார். பெரிய கிராணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துரை தோட்டத்துத் தமிழில் தீர்ப்புச் சொன்னார். "கிராணி, ஸ்டோர்ல ஓட வேணாம், நிக்கணும். இந்த ஆளு நல்லா நிக்குது." சூசை அப்படியே புல்லில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். சம்சாரத்துக்குத் தந்தி அடிக்க ஆள் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் அந்தோணியும் முனியாண்டியும். கட்சியெல்லாம் மறந்து, இந்த வெற்றிக்குத் தான்தான் காரணம் என்று இருவரும் தனித்தனியே நம்பிக்கொண்டு, கையில் மாலையோடு வந்து குனிந்து, சூசைக்குத் தோளைக் காட்டினார்கள். ஒருவர் தோள் உயரத்தில், ஒருவர் தோள் பள்ளத்தில். அன்று முழுக்க நடுவட்டத்தை விட்டு நகராத மனிதர் துள்ளி எழுந்து மூன்று எட்டுப் பின்னால் போனார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "வேணாண்ணே, நடந்தே வாரேன். வேலை இப்பத்தான் கிடைச்சிருக்கு."

இத்தனை வருஷம் பந்து எழுதியதில் நான் கண்டது, எதிரணி உதைத்த ஆட்டக்காரன் எப்படியும் எழுந்துவிடுகிறான், ரசிகர்கள் தூக்கியவனைத்தான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.